ஆயிரத்து இரண்டு

சம்மனோடு வந்த படத்தில்
என் வெள்ளைக் கஞ்சில்,
பகாவ் முச்சந்தி, சிவப்பு விளக்கு,
விடிகாலை ஐந்து நாற்பத்திரண்டு.
ஓரத்தில் ஒரு வெளிச்சக் கட்டி.
அது என்னவென்று யாரும் கேட்கவில்லை.
எனக்குத் தெரியும்.

முந்நூறு வெள்ளி கட்டியும் தீரவில்லை.
புள்ளிகள் சேர்ந்துவிட்டனவாம்.
ஞாயிறு முழுக்க வகுப்பு,
டயர்க் கடைக்கு மேல்மாடியில்,
பதினோரு பேருக்கு ஒரு காத்தாடி.

என்சிக் ருஸ்லான் பலகையில் இரண்டு பெட்டி வரைந்தார்.
நடுவில் இருக்கும் வெற்றிடம்தான்
உங்கள் உயிர் என்றார்.
முன்வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் எண்ணு:
செரிபு சத்து, செரிபு டுவா.
அதற்குள் நீ கம்பத்தை எட்டிவிட்டால்
நெருக்கம் அதிகம்.
நான் தமிழில் எண்ணிப் பார்த்தேன்.
ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு.
கொஞ்சம் நீளம்.
கூடுதல் பாதுகாப்பு போலும்.

ஒவ்வொருவராய் எழுந்து குற்றம் சொன்னோம்.
மீன் வண்டி ஆ லிக், கைப்பேசி.
ஆசிரியை நோர்லைலா, வேகம், மூன்று முறை, சிரித்துக்கொண்டே.
கடைசி வரிசையில் ஒரு பச்சைச் சட்டை எழுந்தது:
சவரிமுத்து, செம்பனை லோரி,
தோட்டத்திலிருந்து ஆலைக்குக் குலை ஏற்றுகிறவன். வேகம்.
என் முறை.
'சிவப்பு விளக்கு' என்று உட்கார்ந்துவிட்டேன்.
நின்றிருந்தால் ஒருவன் என் முதுகில் ஏறியிருப்பான் என்று சொல்ல
எனக்கு மலாய் போதவில்லை,
தமிழும்.

பகல் இடைவேளையில் கீழே இறங்கினால்
டயர்க் கடை ஓரம் அந்த லோரி.
நெற்றியில் சிவப்புப் பெயிண்டில்
அன்னை மரியே துணை.
படிக்கச் சற்று நேரம் பிடித்தது.
இரண்டு வருஷமாய் அந்த எழுத்தை
இடவலம் மாறி மட்டுமே கண்டவள் நான்,
இருட்டில், கண்ணாடி நிறைய,
'ணை'யில் தொடங்கும் அன்னையாக.

"நீங்க எந்தப் பக்கம்?"
நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தபடி கேட்டான்.
"ஆறாம் மைல்."
"அங்கேருந்துதான் தினம் ஒரு வெள்ளக் கஞ்சில்
எனக்கு முன்னால ஊர்ந்து போகும்.
ஆறு மணிக்குள்ள ஆலை வாசல்ல வரிசை பிடிக்கலன்னா
பத்து மணி வரைக்கும் வெயில்ல நிக்கணும்."
நெத்திலியை ஓரமாய் ஒதுக்கினேன்.
"அது நான்தான்."

அவன் விரல் சம்பாலில் நின்றது.
மன்னிப்புக் கேட்பான் என்று காத்திருந்தேன்.
அதற்கொரு பதில்கூட இருந்தது,
அச்சிலிருந்து கையுறைகளை உரிக்கும்போதெல்லாம்
ஒத்திகை பார்த்த பதில்.

"அக்கா, உங்க காடிக்குப் பிரேக் விளக்கு எரியறதே இல்ல.
ரெண்டும்.
நீங்க நிக்கிறீங்களா போறீங்களான்னு
கிட்ட வந்தாத்தான் எனக்குத் தெரியும்."

சொந்தக் காடியின் முதுகை
ஓட்டுகிறவள் எப்போது பார்ப்பாள்?
ஆனாலும் கோபம் போகவில்லை.
அவன் சொன்னதில் பாதி சாக்கு.
பாதி பல்பு.

சான்றிதழில் என் பெயர்
ஓர் எழுத்துக் குறைவாய் வந்திருந்தது.
கீழ்க்கடையில் பல்பு இரண்டும் எட்டு வெள்ளி.
அவன் பின்னால் போய் நின்று
"மிதிங்க" என்றான்.
மிதித்தேன்.
கண்ணாடிக்குள் அந்தப் பச்சைச் சட்டை சிவந்தது.

திங்கட்கிழமை.
செம்பனை இருட்டு, பனி,
சடக்கெல்லாம் உதிர்ந்த பழம்.
பின்னால் இரண்டு விளக்கு.
மூன்றாம் மைல் கல்லைத் தாண்டியதும்
அவனுக்காக நான் எண்ணினேன்.
ஆயிரத்து ஒன்று.
ஆயிரத்து இரண்டு.
கண்ணாடியில் சிவப்பாய் ஒரு கீறல்,
எழுத்தாக முடியாத தூரத்தில்.

செவ்வாய் மழை.
அவனுக்கு நேரமாகிவிட்டது போல.
'ணை' மட்டும் தெரிந்தது.
பிரேக்கை மெல்லத் தொட்டேன்.
'ணை' பின்வாங்கியது.